முட்டியிலிருந்து எங்கே போகும்?

ஊசி வெளியே வந்த பிறகுதான் கண்டக்டர் கண்ணைத் திறந்தாள்.

முட்டியைப் பார்த்தாள்.

"உள்ள போட்டது எங்க இருக்கும், டாக்டர்?"

மருத்துவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இப்படிக் கேட்பவர்கள் குறைவு. மூட்டுக்குள் இயல்பாகவே வழுவழுப்பாக ஒன்று இருக்கிறது, ஹயலுரோனிக் அமிலம் என்று பெயர், அது நீர்த்துப்போனால் வலிக்கும், போட்டது அதையேதான் என்றார்.

"வண்டிக்கு கிரீஸ் வெக்கிற மாதிரி," என்றார் கட்டிலின் கால்மாட்டில் நின்ற கணவர். டிரைவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் டிப்போ மருத்துவர் முன்னால் பஸ் படியில் இருபது முறை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். தவறினால் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். பதினெட்டு வருடமாகக் கணவர் ஓட்டுகிற பஸ்ஸில்தான் அவள் விசில் ஊதுகிறாள்.

"அங்கயேதான் இருக்குமா?"

"சில நாள் இருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நிணநீர் வழியா ரத்தத்துக்குப் போயிடும்."

"ரத்தம் உடம்பு பூரா ஓடுதே. வேற மூட்டுல போய் இறங்குமா?"

"அதுக்குள்ள கல்லீரல் பிடிச்சு உடைச்சிடும்மா. ரத்தத்துல அதுக்கு ஆயுசு சில நிமிஷம்தான்."

"கொஞ்சம் கூடவா இறங்காது?"

"பிரயோஜனப்படுற அளவுக்கு இறங்காது."

"விட்டா டாக்டர் பரீட்சையே எழுதிடுவா," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வண்டியை வாசலுக்குக் கொண்டுவரக் கணவர் வெளியே போனார்.

கதவு சாத்தும்வரை அவள் காத்திருந்தாள்.

"வலி இந்தக் கால்ல இல்ல, டாக்டர். மத்ததுல."

மருத்துவர் ஃபைலைத் திறந்தார். 'வலது' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. ஊசிக்கு முன் அதைப் பார்க்காமல் எந்தக் கால் என்று வாயால் கேட்டிருந்தார். இடது என்று முந்திக்கொண்டது கணவர்.

"எனக்கு எதிர்ல நின்னு அவரோட இடதைச் சொல்லிட்டாரு. எங்க வேலையில யார் எங்க நின்னாலும் டிரைவரோட இடதுதான் இடது. நானும் கண்ணை மூடிட்டேன்."

மருத்துவர் மன்னிப்புக் கேட்க எழுந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். வலதுக்கும் ஒண்ணு போட்டுருங்க. ரெண்டுக்கும் போடணும்னு நீங்களே முடிவு பண்ணதா சொல்லுங்க. விஷயம் தெரிஞ்சா மனுஷன் இனிமே ரிவர்ஸ் எடுக்கவே பயப்படுவார்."