சேற்றில் தேடியவள்

“தம்பி, கொஞ்சம் மெதுவா அள்ளுங்க!”

பொக்லைன் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். கரையில், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதே பெண். தெருக்கோடியில் துணி தைப்பவள். தூர்வாரத் தொடங்கிய நாளிலிருந்து தவறாமல் வருகிறாள்.

“அக்கா, இந்தச் சாக்கடையை வாரி, மண்ணைக் கொட்டி, பூங்காவாக்கணும். மழைக்கு முன்னாடி முடிக்கலைன்னா மேஸ்திரி என் தோலை உரிச்சிடுவார். அப்படி என்னதான் தேடுறீங்க? தங்கச் சங்கிலியா?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

“என் வீட்டுக்காரரை.”

சிரிப்பு பட்டென்று அடங்கியது.

“போன வருஷம் பேய்மழை பெஞ்சுதே, அன்னிக்குக் குடிச்சிட்டு இந்தப் பக்கமா வந்தார். கரையில ஒத்தைச் செருப்புதான் கிடந்துச்சு. ஆள் கிடைக்கலை. நீங்க மேல மண்ணைக் கொட்டிட்டா, அப்புறம் யாரு தோண்டப் போறா?”

“இத்தனை நாளைக்கு உடம்பு இருக்காதேக்கா.”

“எலும்பு கிடைச்சாக்கூடப் போதும் தம்பி. வலது கால்ல கம்பி வச்சிருக்கு. நான் கண்டுபிடிச்சிடுவேன்.”

அதற்குப் பிறகு ஓட்டுநர், அள்ளிய சேற்றைக் கரையில் பரப்பிக் காட்டிவிட்டுத்தான் லாரியில் ஏற்றினான். மேஸ்திரியின் வசவை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டான். அந்த நாற்றத்தில் அவள் குச்சியால் கிளறினாள். பாட்டில், டயர், தலையில்லாத பொம்மை.

ஒருநாள் நீளமாக ஓர் எலும்பு வந்தது. ஓடிப்போய் வெறுங்கையால் எடுத்தாள்.

“அது மாட்டெலும்புக்கா.”

சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். புருஷன் மேல் இப்படி உயிரையே வைத்திருக்கிறாளே என்று எண்ணி ஓட்டுநர் இறங்கி வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

கடைசிச் சேறும் போனது. செம்மண் லாரிகள் வந்து நின்றன. பின்னாலேயே பூச்செடிகள்.

“அழாதீங்கக்கா. இது நல்ல சேதிதான்,” என்றான் ஓட்டுநர். “கோடியில குப்பையைத் தடுக்கிற கம்பி வலை வரைக்கும் வாரியாச்சு, அதைத் தாண்டி எதுவும் போகாது. அவர் இங்க இல்லவே இல்ல. அப்படின்னா எங்கேயோ உயிரோட இருக்கார். பாருங்க, ஒருநாள் உங்க வாசல்ல வந்து நிப்பார்.”

அவள் குச்சியைக் கீழே போட்டாள். விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். உள்ளே நுழைந்ததும் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.

மகள் எழுந்து வந்தாள். “அப்பா கிடைச்சாராம்மா?”

“இல்லடி.”

மகளின் முகம் வெளுத்தது. கழுத்தில் அப்பா வைத்த சூட்டுத் தழும்பைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்:

“அப்போ... வந்துருவாராம்மா?”