பத்து மைல் சைக்கிள்

“ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் அங்கிள்?” அளவு நாடாவும் கையுமாகக் கேட்டார் கார்த்திகேசு.

“பத்து மைலுக்குக் கொறையாது தம்பி. செந்தூல் வரைக்கும் போய்த் திரும்பணும்லா.”

கார்த்திகேசுவுக்கு வாயெல்லாம் பல். ஆளின் உடம்புக்கு ஏற்றபடி சைக்கிளை அளந்து சரிசெய்வது எப்படி என்று மெல்பர்னில் ஆறு வாரம் படித்து, ஊர் திரும்பி, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, பிரிக்ஃபீல்ட்ஸில் கடை திறந்து நான்கு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். ‘சைக்கிள்காரர்களின் இடுப்பு வலிக்கு விஞ்ஞானத் தீர்வு’ என்ற பலகையை நம்பி உள்ளே வந்த முதல் ஆள், தெருத்தெருவாகக் கச்சாங் பூத்தே கடலை விற்கும் சபாபதிதான்.

சபாபதிக்கு வேறு வழியில்லை. இந்த மாதமும் இடுப்பு வலி தீராவிட்டால் வியாபாரத்தை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று மகள் புஷ்பவல்லி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

சைக்கிளை இரும்புத் தாங்கியில் நிறுத்தி, அவரைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தார் கார்த்திகேசு. தொடை, முழங்கால், கணுக்கால் என்று மாப்பிள்ளைக்குச் சட்டை தைப்பவர் மாதிரி அளந்தார். முழங்காலிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

சைக்கிள் வாங்கி இருபது வருடம். இடது கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிது.

“பாத்தீங்களா? பாதத்த சரியா வைக்கிறதே இல்ல. வெயிட்டெல்லாம் இடது கையில. டெக்னிக் தப்பு லா அங்கிள்.”

ஒரு மணி நேரத்தில் இருக்கை மூன்று அங்குலம் உயர்ந்தது. காற்று தடுக்காமல் இருப்பதற்காகக் கைப்பிடி இரண்டு அங்குலம் இறங்கியது. அத்தனையையும் விளக்கி இரண்டு பக்க அறிக்கையும் கிடைத்தது.

சபாபதி நன்றி சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கடலை டின்களைப் பின்னால் வைத்துக் கட்டினார். கைப்பிடியைப் பிடிக்க முன்பைவிட அதிகமாகக் குனிய வேண்டியிருந்தது. “அம்மாடி” என்று முனகிக்கொண்டே சைக்கிளோடு நடக்க ஆரம்பித்தார்.

கார்த்திகேசு வாசல் வரை ஓடி வந்தார். “ஏறி ஓட்டுங்க அங்கிள், அப்பத்தான வித்தியாசம் தெரியும்.”

சபாபதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“ஓட்டத் தெரியாதே தம்பி, இருபது வருசமா தள்ளிக்கிட்டுதானே போறேன்.”