வெளிச்சத்துக்குத் திரும்பாத செடி

1968இல் ஓசூரில் சூசையும் அவன் மனைவி மேரிராணியும் மீன் தொட்டிக்கான செடிகளை வளர்த்து விற்றார்கள். கலப்பினச் செடி வைத்திருந்த சிமெண்டுத் தொட்டியில் அவர்களுடைய மகள் விழுந்து இறந்தாள். அந்தச் செடிகளைக் கிருஷ்ணகிரியில் மீன் வளர்த்த ஒரு டாக்டரிடம் கொடுத்துவிட்டு, தை பிறந்ததும் ஊத்தங்கரைக்குக் குடிபோனார்கள். ஊர் மாறியது டாக்டருக்குத் தெரியாது.

மாசியில் இருவரும் அவர் வீட்டுக்குப் போனபோது டாக்டர் மேரிராணியிடம் சொன்னார்: “ஜன்னல் வடக்கே இருக்குதும்மா. செடி வெளிச்சத்துக்குத் திரும்பாம, மேற்கே ஓசூர் பக்கமே சாஞ்சிருந்துச்சு. கிள்ளி வேற தொட்டியில நட்டாலும் அப்படியேதான். தை மாசம் எல்லாமே கிழக்கே, ஊத்தங்கரை ரோட்டுப் பக்கம் திரும்பிக்கிச்சு.”

சூசை தொட்டியைப் பார்க்கவில்லை. “வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றான்.

மேரிராணி தொட்டியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். தண்ணீர் அசையவில்லை. இலைகள் அவள் பின்னாலேயே திரும்பின.