குட்டைக்குச் சொந்தக்காரர்கள்

சோளக்கொல்லை மூலையில் ஊற்றெடுத்த குட்டை தன்னுடையது என்று தவளைக்கு எண்ணம். தலைமுறை தலைமுறையாக அதன் வம்சம் அங்கேதான் முட்டையிடுகிறதாம். எதிர்க்கரையில் வளை தோண்டியிருந்த நண்டு அதை ஒப்புக்கொள்ளுமா? அன்று காலையும் இரண்டும் தண்ணீருக்கு நடுவே ஒரு வைக்கோலை எல்லையாகப் போட்டுவிட்டு, அது யார் பக்கம் நகர்ந்தது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தன.

அப்போது ஊற்றுக்கண்ணிலிருந்து கருப்பாக ஒரு சொட்டு எண்ணெய் மேலே வந்தது. வந்த வேகத்தில் வைக்கோலைத் தாண்டி இரண்டு பக்கமும் பரவி, மயில் கழுத்து மாதிரி மினுங்கியது. தவளையும் நண்டும் சண்டையை விட்டுவிட்டு அதைப் பார்த்தன.

“இங்கே ஒரு கடல் இருந்ததே, எங்கே?” என்று கேட்டது சொட்டு.

“கடலா? இது எங்க பாட்டன் காலத்துக் குட்டையாச்சே,” என்றது தவளை. சொல்லும்போதே அதன் குரல் இறங்கிவிட்டது.

“நான் அந்தக் கடல்ல நீந்தின பொடிப்பூச்சி. செத்து, புதைஞ்சு, எண்ணெயாகி இப்பத்தான் வர்றேன். அதுக்குள்ள என் தலைக்கு மேலே ஒரு மலை முளைச்சு, கரைஞ்சும் போயிடுச்சு.”

தவளை அண்ணாந்து பார்த்தது. தெரிந்த வானம்தான். ஆனால் திடீரென்று ரொம்ப உயரத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

“அந்தக் கடல் யாருக்குச் சொந்தம்?” என்று மெல்லக் கேட்டது.

“ஒருத்தன் தனக்குத்தான்னு கத்திக்கிட்டே இருந்தான். எனக்குப் பின்னாலதான் வர்றான்.”

அடியிலிருந்து இன்னொரு சொட்டு முட்டிக்கொண்டு வந்தது.

“எவன்டா அது, என் கடல்ல வைக்கோலைப் போட்டவன்?”