மணிக்கு முந்திய இரத்தம்

மணியோசை கேட்டு ஐந்து விநாடி கழித்துத்தான் மூளையில் இரத்தம் ஏறும் என்றது ஆய்வு மாணவி எழிலரசியின் சமன்பாடு. சோதனைக்கு வந்து ஸ்கேன் எந்திரத்துக்குள் படுத்திருந்த செல்வினுக்கு மட்டும் மணி அடிக்கும் முன்பே ஏறியது. "அந்தாளு டேட்டாவைத் தூக்கிப் போடும்மா," என்றார் பேராசிரியர். அவள் போடவில்லை. ஒவ்வொரு மணிக்கும் முன்னால் மைக்கில் தான் "ரெடியா செல்வின்?" என்று கேட்பது நினைவுக்கு வந்தது. சமன்பாட்டிலிருந்து மணியை எடுத்துவிட்டுத் தன் குரலை வைத்துப் பார்த்தாள். செல்வினின் இரத்த ஓட்ட வளைகோடு அதில் கச்சிதமாகப் பொருந்தியது. சும்மா தற்செயலாக இருக்கும் என்று நினைத்து மறுநாள் எதுவும் கேட்காமல் மணியை மட்டும் அடித்தாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"மேடம், இருக்கீங்களா? இன்னைக்கு ஒண்ணுமே கேக்கலையே?"

"இருக்கேன்" என்று சொல்ல அவளுக்குச் சரியாக ஐந்து விநாடி பிடித்தது.