பொருத்துவதா, தூக்குவதா?

"டிரெய்லருக்குள்ளேயே பொருத்துறது வேண்டவே வேண்டாம். தனியா தூக்கிட்டுப் போற ஜெனரேட்டரே போதும்," என்றாள் நேடின், மூன்றாவது தடவையாக.

கடைக்காரர் ரூடி அவளையும் அவள் கணவர் வெண்டலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த காபியை ஒரு வாய் குடித்தார்.

கடை வாசலில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டியபடி அவர்களுடைய டிரெய்லர் வீடு நின்றது. அமெரிக்காவின் வடக்கே இருக்கும் பில்லிங்ஸ் நகரில் அக்டோபர் பிறந்தாயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் பனி கொட்ட ஆரம்பித்துவிடும். அதற்குள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு தெற்கே அரிசோனா பாலைவனத்துக்குப் போய்விட வேண்டும். முப்பத்திரண்டு வருடம் மின்கம்பம் ஏறி இறங்கிய வெண்டலின் முழங்கால்களுக்கு அந்த வெயில் ஒன்றுதான் மருந்து. அங்கே கரண்டு இணைப்பு கிடையாது, அதற்குத்தான் ஜெனரேட்டர்.

ஆனால் நேடின் வராமல் தனியாகப் போய் என்ன செய்வது? போன குளிர்காலத்தில், உறைபனியில் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று போன் வந்ததும், அவரைப் பாலைவனத்திலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அவளுடைய அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த வீடு. அதற்கு ஒன்று என்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

இந்த வருடம் வருவாயா என்று வெண்டல் அவளிடம் கேட்கவேயில்லை. கேட்டால் மாட்டேன் என்றுவிடுவாளோ என்று பயம். படுத்த இடத்திலிருந்து பட்டனைத் தட்டினால் ஓடும் ஜெனரேட்டராகப் பொருத்திவிட்டால், அந்தச் சொகுசுக்காகவாவது வருவாள் என்று நம்பித்தான் கடைக்கே கூட்டி வந்திருந்தார். இவளோ பிடி கொடுக்கவில்லை.

"யோசிச்சுப் பாரு நேடின். மழையில வெளிய இறங்க வேண்டாம். தொண்ணூறு பவுண்டைத் தூக்கி இறக்க வேண்டாம். எவனும் திருடிட்டுப் போக முடியாது."

"சங்கிலி போட்டுப் பூட்டினா அதையும்தான் எவனும் திருட மாட்டான். இப்ப வர்றதுல சக்கரம் இருக்கு, பட்டனும் இருக்கு. நீ தூக்க வேண்டாம், தள்ளிட்டுப் போ."

"சத்தம் போடுமே?"

"எதுவா இருந்தாலும் அந்த முகாம்ல ராத்திரி எட்டு மணிக்கு அணைச்சுத்தான் ஆகணும். போன வருஷம் எட்டு மணி தாண்டி ஒரு நிமிஷம் ஓடிடுச்சுன்னு பக்கத்து டிரெய்லர் கனடாக்காரர் வாணலியைத் தட்டிக்கிட்டே வந்து நின்னாரே. அவருக்குப் பொருத்தினது, தூக்கினது எல்லாம் ஒண்ணுதான்."

ரூடி சிரித்துவிட்டார். நேடின் அவர் பக்கம் திரும்பினாள்.

"பொருத்துறதுன்னா எங்க பொருத்துவீங்க?"

"முன்னால சாமான் பெட்டி இருக்குல்ல, அதுக்குள்ள மேடம். பாதி இடத்தைப் பிடிச்சுக்கும்."

"எடை?"

"எல்லாம் சேர்த்து நூத்தம்பது பவுண்டு வரும்."

"ரிப்பேர் ஆனா?"

"டிரெய்லரையே இங்க கொண்டுவந்து விடணும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா? அய்யோ, அது சரிப்படாது," என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

வெண்டலுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வருடத்தில் ஏழு மாதம் வாசலில் சும்மா கிடக்கிற வண்டி, பத்து நாள் இங்கே நின்றால் என்ன கெட்டுப்போகும்? சாமான் பெட்டியில் இருப்பதும் இரண்டு மடக்கு நாற்காலிதான். வேண்டாம் என்று முடிவு கட்டியவளுக்கு எல்லாமே சாக்கு.

"தூக்கிட்டுப் போறதுல இன்னொரு வசதியும் இருக்கு," என்றார் ரூடி. "பனியில கரண்டு போச்சுன்னா வீட்டுக்கும் வச்சுக்கலாம்."

நேடின் கண்ணாடி வழியே டிரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டலுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் இருந்துகொள்ளத்தான் இவ்வளவு பேச்சும்.

"அவ கேக்குறதையே எடுத்துட்டு வாங்க," என்றார் ரூடியிடம். ரூடி உள்ளே போனதும் மனைவியிடம் திரும்பினார். "நேடின், மறைக்காம சொல்லு. உனக்கு வர இஷ்டமில்லன்னா டிரெய்லரை வித்துடலாம். நீ இல்லாம அங்க போய் நான் யார் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்?"

"வரலைன்னு யாரு சொன்னா?"

"அப்ப வர்றியா?"

"வராமலா இவ்வளவு நேரமா உன்கூட மல்லுக்கு நிக்கிறேன்?"

வெண்டல் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆறு மாதமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். இனி அவள் எந்த ஜெனரேட்டரை வேண்டுமானாலும் வாங்கட்டும். ஒன்றுமே வாங்காமல் மெழுகுவர்த்தி ஏற்றினாலும் அவருக்குச் சம்மதம்தான்.

"அப்ப சரி, மார்ச் மாசம் வரைக்கும் இருந்துட்டு, ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குத் திரும்பிடலாம்," என்றார் சந்தோஷமாக.

"எந்த வீட்டுக்கு?" என்றாள் நேடின். "அதை ஒரு டீச்சர் குடும்பத்துக்கு ரெண்டு வருஷம் வாடகைக்கு விட்டு, இன்னிக்குக் காலையிலதான் கையெழுத்துப் போட்டேன். முன்பெட்டியில ஜெனரேட்டரை வச்சுட்டா, நம்ம குடித்தனச் சாமானை எங்க வைக்கிறது?"