படிக்க மட்டும்

"இது வாசிப்பறையா, கல்யாண வீடா? ரேடியோவைக் குறைங்கம்மா!"

ட்ராய்ச்சே பல்லைக் கடித்தான். வாசிப்பறைக் காவலுக்கு இருக்கும் ஸ்பாசியாம்மா சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்தவே இல்லை.

"பாட்டு இல்லாம எனக்கு வேலை ஓடாது தம்பி. நீங்க படிங்க."

என்ன வேலை? விதை கொறிக்கிற வேலை! கேட்பாரில்லாத அரசாங்கச் சம்பளம் என்று மனசுக்குள் கருவினான்.

பிடோலா நகரப் பேருந்து நிறுத்தங்களில், பார்வையற்றவர்களுக்கு எந்த வண்டி வருகிறது என்று சொல்லும் பேசும் பெட்டி. அதன் மென்பொருளை ட்ராய்ச்சேயும் தங்கை ரோத்னாவும் எழுதுகிறார்கள். இப்படிப்பட்ட பெட்டிகளுக்கான அரசு விதிகள் அடங்கிய தரநிலைப் புத்தகத்தில் உள்ளபடி இருந்தால்தான் நகராட்சி வாங்கும். ஒப்படைக்க நாளைதான் கடைசி நாள்.

புத்தகத்தின் விலையோ அவர்களுடைய இரண்டு மாத வாடகை. இந்தத் தரநிலை அலுவலகத்தின் வாசிப்பறையில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் எழுதக்கூடாது, படமெடுக்கக்கூடாது. பேனாவையும் போனையும் ஸ்பாசியாம்மா வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவாள்.

காலுறைக்குள் இன்னொரு போன் வைத்திருந்தது ட்ராய்ச்சேயின் சாமர்த்தியம். ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்வான். கழிவறைக்கு ஓடுவான். தங்கையிடம் ஒப்பிப்பான். சிக்னல் மோசம் என்பதால் கத்தித்தான் ஒப்பிக்க வேண்டும்.

அவன் எழுந்தால் போதும், ரேடியோ அலறும். ஐந்தாம் பக்கத்தில் கல்யாணப் பாட்டு வரியும் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"அண்ணா, பஸ் ஸ்டாப்புக்குள்ள மணப்பொண்ணு எப்படி வந்தா?"

"எல்லாம் இந்தப் பொம்பளையால! இரு, இவளை ஒரு வழி பண்றேன்."

வெளியே வந்த வேகத்தில் இயக்குநரின் அறையை நோக்கி நடந்தான். ஸ்பாசியாம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க போறீங்க?"

"உங்க மேல புகார் சொல்ல. படிக்க விடாம ரேடியோ போடறீங்கன்னு!"

"தாராளமா சொல்லுங்க. ஆனா ஒரு விஷயம். அவர் ரூமுக்கும் கழிவறைக்கும் நடுவுல இருக்கறது வெறும் பலகைச் சுவர்."

ட்ராய்ச்சே இரண்டடி பின்வாங்கினான்.

"காலையில முதல் பக்கம் நீங்க ஒப்பிச்சப்பவே, 'யார் அது கத்தறது?'ன்னு எட்டிப் பார்த்தார். 'ரேடியோ சார்'னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம் போடாம இருக்க முடியுமா?"

வெட்கத்தில் அவன் காலுறையைப் பார்த்தபடி நின்றான்.

"நீங்க ஒப்பிக்கறதைக் கேட்டாலே யாருக்காகன்னு புரியுது. என் வீட்டுக்காரருக்கும் கண்ணு தெரியாது தம்பி. போங்க, ஆறாம் பக்கம் பாக்கி இருக்கு. இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்கிறேன்."